அமெரிக்கக் கல்லூரி ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: நவம்பரில் தொடங்கும் பிளேஆஃப் சண்டையைப் புரிந்துகொள்ள

கொலம்பஸ், ஆன் ஆர்பர், டஸ்கலூசா, ஆஸ்டின் மாதிரி ஊர்களுக்கு இந்த வருஷம் படிக்கவோ வேலைக்கோ வந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். சனிக்கிழமை உள்ளூரில் கல்லூரி அணியின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் இருந்தால் ஊரே ஒரே நிறச் சட்டையில் இருக்கும், ஆன் ஆர்பர் ஸ்டேடியத்துக்கு மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் வருவார்கள். அந்த நாட்களில் வீடு மாற்றுவதையோ ஏர்போர்ட் போவதையோ வைத்துக்கொள்ளாதீர்கள். இதை எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நான் எழுத வந்தது ஆபீஸிலும் லேபிலும் நவம்பரில் சூடுபிடிக்கும் விவாதத்தைப் பற்றி: சாம்பியன்ஷிப் பிளேஆஃபுக்கு யார் போக வேண்டும்?

ஐபிஎல்லில் புள்ளிப்பட்டியலைப் பார்த்தால் முதல் நான்கு அணிகள் யார் என்று தெரிந்துவிடும். இங்கே அப்படி ஒரு பட்டியலே கிடையாது. மேல்மட்டப் பிரிவில் மட்டும் 130க்கு மேல் அணிகள், லீக் ஆட்டங்களோ ஆளுக்குப் பன்னிரண்டுதான். எஸ்இசி, பிக் டென், ஏசிசி, பிக் 12 என்று கான்ஃபரன்ஸ் எனப்படும் அணிக் குழுக்களாகப் பிரிந்து பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆடுவதால், ஒரே அளவு வெற்றி பெற்ற இரண்டு அணிகளில் யார் கஷ்டமான எதிரிகளை ஜெயித்தார்கள் என்று யாராவது தீர்மானித்தாக வேண்டும். அதற்குத்தான் 13 பேர் கொண்ட ஒரு கமிட்டி. நவம்பரில் செவ்வாய்க்கிழமை தோறும் ரேங்கிங் வெளியிடுவார்கள், டிசம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறன்று இறுதிப் பட்டியல் வரும்.

2014 முதல் 2023 வரை நான்கு இடம்தான். 2023இல் ஃப்ளோரிடா ஸ்டேட் கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தையும் சேர்த்து 13 ஆட்டத்திலும் ஜெயித்து ஏசிசி சாம்பியனும் ஆனது, ஆனாலும் இடம் கொடுக்கவில்லை. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரரான அவர்களுடைய குவார்ட்டர்பேக்குக்குக் கால் உடைந்துவிட்டது, இனி இந்த அணி பழைய பலத்தோடு ஆடாது என்று கமிட்டி முடிவு செய்து, ஒரு தோல்வி கண்ட டெக்சஸையும் அலபாமாவையும் எடுத்தது. பிறகு ஆரஞ்சு பவுல் என்ற, பிளேஆஃபில் சேராத தனி ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் ஃப்ளோரிடா ஸ்டேட் 63-3 என்று தோற்றதைக் காட்டி, கமிட்டி செய்தது சரிதானே என்று கேட்பவர்கள் நிறைய. எனக்கு அது ஏற்கவே முடியாத வாதம். முக்கிய வீரர்கள் பலர் அந்த ஆட்டத்தில் இறங்கவே இல்லை, அது போக, எந்த ஆட்டத்திலும் தோற்காத ஒரு அணியை இனிமேல் தோற்கும் என்ற ஊகத்தில் வெளியே நிறுத்துவது அந்தப் பையன்களின் உழைப்பையே மதிக்காத செயல்.

2024இல் பன்னிரண்டு இடம் ஆனது. 2024, 2025 சீசன்களில் ரேங்கிங்கில் உயர்ந்த ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு நேரடி இடம் இருந்தது, மீதி ஏழு கமிட்டி கையில். இது நல்ல மாற்றம், ஏனென்றால் 2025இல் சிறிய கான்ஃபரன்ஸ்களின் சாம்பியன்களான டுலேனும் ஜேம்ஸ் மேடிசனும் வந்தது இந்த விதியால்தான். பெரிய பல்கலைக்கழகங்களுக்கு எரிச்சல், இருக்கட்டும்.

ஆனால் அதே 2025இல் மயாமி, நோட்ர டேம் கதையைப் பாருங்கள். இரண்டுமே 10 வெற்றி, 2 தோல்வி. சீசனின் முதல் வாரத்திலேயே நேருக்கு நேர் மோதி மயாமி 27-24 என ஜெயித்திருந்தது. அப்படியும் வாரக்கணக்கில் நோட்ர டேம்தான் மேலே இருந்தது, கடைசி வாரம் இரண்டு அணியும் ஆடவே இல்லை, ஆனால் இறுதிப் பட்டியலில் மட்டும் மயாமி மேலே போய் இடத்தைப் பிடித்துவிட்டது. முடிவு சரி, வந்த வழிதான் தப்பு. சமமான கணக்கு உள்ள இரண்டு அணிகள் தங்களுக்குள் ஆடியிருந்தால் ஜெயித்தவருக்கே இடம் என்று விதியாக எழுதிவைத்துவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை. நோட்ர டேம் மாணவர்களுக்கும் செப்டம்பரிலேயே தங்கள் நிலை தெரிந்திருக்கும்.

இதை விடப் பெரிய ஆபத்து ஒன்றும் 2025இல் பேச்சில் இருந்தது. பதினாறு அணியாக்கி, பிக் டென்னுக்கும் எஸ்இசிக்கும் தலா நான்கு இடம், ஏசிசிக்கும் பிக் 12க்கும் தலா இரண்டு என முன்கூட்டியே ஒதுக்கிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. சீசன் தொடங்கும் முன்பே இடத்தைப் பங்கு போட்டுவிட்டால் அப்புறம் எதற்கு ஆட்டம்? என் கணக்கு எளிது: சாம்பியன்களுக்கு நேரடி இடம் அப்படியே இருக்கட்டும், மீதியில் நேருக்கு நேர் முடிவு முதல் அளவுகோல், பிறகு எதிரிகளின் பலம், அதற்கும் பிறகே கமிட்டியின் கருத்து.

சக ஊழியரிடம் பேசும்போது அவர் எந்தப் பல்கலைக்கழகத்துக்காரர் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், பாதி விவாதம் அதிலேயே புரிந்துவிடும். உங்கள் பல்கலைக்கழகம் ஐந்து முதல் எட்டாம் இடத்துக்குள் வந்தால் முதல் சுற்று உங்கள் ஊரிலேயே நடக்கும், டிசம்பர் மூன்றாவது வாரவாக்கில். செமஸ்டர் முடிந்து பலர் ஊருக்குப் போயிருப்பார்கள், அதனால் போகாமல் இருப்பவர்கள் மாணவர் டிக்கெட் அறிவிப்பை உடனே பாருங்கள். வடக்கே என்றால் குளிர் தாங்கும் தெர்மல் உள்ளாடை இரண்டு அடுக்கு போடுங்கள், பை எடுத்துப் போவதென்றால் உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பைதான், மற்றதைப் பெரும்பாலான ஸ்டேடியங்களில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.