சர்க்கஸ் பார் விளையாட்டுக்கு வலை எதற்கு?

கூடாரப்பித்தன்:
கீழே வலையை விரித்துவிட்டு மேலே பார் ஆடுவதில், அதாவது அந்தரத்து ஊஞ்சலில் தொங்கித் தாவுவதில், என்ன பெருமை? உயரக் கம்பியில் நடக்கும் சர்க்கஸ்காரர்களான வாலெண்டா குடும்பத்தைப் பாருங்கள். 1928இல் நியூயார்க்கில் வலையில்லாமல் கம்பியில் நடந்தார்கள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

தலசேரிக்காரி:
பாதியில் நிறுத்திவிட்டீர்களே ஐயா! வலை வந்துசேராததால்தான் அன்று அப்படி ஆடினார்கள் என்பார்கள். 1962இல் டெட்ராய்ட்டில் அதே குடும்பம் அடியில் நால்வர், அவர்களுக்கு மேல் இருவர், உச்சியில் நாற்காலியோடு ஒரு பெண் என்று அடுக்கி நின்றபோது முன்னால் நின்றவர் தடுமாறினார். இருவர் செத்தார்கள், ஒருவர் அதன்பிறகு நடக்கவே இல்லை.

கூடாரப்பித்தன்:
அது கால் தவறியது. பல விபத்துகளுக்குச் சாமான்தான் காரணம். 1978இல் சான் ஹுவானில் அந்தக் குடும்பத்தின் தலைவர் கார்ல் வாலெண்டா விழுந்ததற்குக் கம்பியை இழுத்துக் கட்டியதில் இருந்த பிசகையும் சொன்னார்கள். 1931இல் வளையத்தில் தொங்கி ஆடும் லில்லியன் லெய்ட்செல் விழுந்தது, வளையத்தைத் தாங்கிய உலோகம் முறிந்ததால். சாமானைச் சரியாக வைத்துக்கொண்டால் போதும்.

தலசேரிக்காரி:
ஊருக்கு ஊர் பிரித்து, லாரியில் ஏற்றி, மறுபடி கட்டுகிற சாமான். உலோகத்துக்குள் ஓடும் விரிசல் யார் கண்ணுக்குத் தெரியும்? இன்னொன்று: 1982இல் பார் ஆட்டக்காரர் மிகேல் வாஸ்கெஸ் அந்தரத்தில் நான்கு குட்டிக்கரணம் அடித்து அண்ணன் ஜுவானின் கையைப் பிடித்தார். வலை இல்லாமல் அதைப் பழகியிருக்க முடியுமா?

பழைய பார்க்காரன்:
வலையைப் பஞ்சு மெத்தை என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. முகவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுவதும் படும்படி விழ வேண்டும். காலை ஊன்றினால் கணுக்கால் போகும். தலை முதலில் பட்டால் கழுத்து. சரியாக விழுந்தாலும் வலை தூக்கி எறியும். அதனால்தான் அதன் இரு முனைகளையும் மேல்நோக்கி உயர்த்திக் கட்டுகிறோம். எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே விழுவதைத்தான். கயிறு உரசிய தழும்பு முழங்கையில் இன்னும் இருக்கிறது.

கூடாரப்பித்தன்:
டிக்கெட் வாங்கியவனுக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது? அவன் வலையைப் பார்த்ததும் நிம்மதியாக முறுக்கு தின்கிறான்.

பழைய பார்க்காரன்:
ஆட்டம் முடிந்து ஒவ்வொருவராக வலையில் குதித்து இறங்கும்போது கவனியுங்கள். முறுக்கு கையிலேயே நிற்கும்.

கூடாரப்பித்தன்:
சரி, பாருக்கு வேண்டுமானால் விரித்துக்கொள்ளுங்கள். கம்பி நடைக்கு மட்டும் நான் விட்டுத்தர மாட்டேன்.

தலசேரிக்காரி:
டெட்ராய்ட்டில் நடந்தது கம்பி நடைதான், ஐயா.