பலமான காற்றில் கைட் பக்கி: அடிபட்டவர்கள் வந்து சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். கைட் பக்கி தெரியாதவர்களுக்கு: பட்டம் இழுக்க, தாழ்வான மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்து போவது. நியூஸிலாந்துக்காரர் பீட்டர் லின் 1990 வாக்கில் பரப்பிவிட்ட விளையாட்டு. முன்சக்கரத்தைக் காலால் திருப்ப வேண்டும், எஞ்சின் இல்லை, என் வண்டியில் பிரேக்கும் இல்லை. பக்கி என்று நம் ஊரில் திட்டுவார்களே, அன்றைக்கு அது எனக்குத்தான் பொருந்தியது.

டென்மார்க்கில் ரோமோ தீவின் தெற்குக் கடற்கரை. மணல் தார் ரோடு மாதிரி இறுகிக் கிடக்கும். முன்னறிவிப்பில் காற்று நொடிக்கு 12 மீட்டர், பக்கத்திலேயே வீச்சு, அதாவது இடையிடையே திடீரென்று வலுத்து அடிக்கும் காற்று, 18 என்றும் போட்டிருந்தது. நான் 12-ஐ மட்டும் பார்த்து 3 சதுர மீட்டர் பட்டத்தை எடுத்தேன். காற்று ஒன்றரை மடங்கானால் இழுப்பு ஒன்றரை மடங்கு ஆவதில்லை, வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது இரண்டேகால் மடங்கு. இந்தக் கணக்கு எனக்கு அப்போதே தெரியும் என்பதுதான் கொடுமை.

முதல் அரைமணி நேரம் சொர்க்கம். அப்புறம் திரும்புவதற்காகப் பட்டத்தைத் தலைக்கு மேலே கொண்டுவந்தேன், அந்த நேரம் பார்த்து ஒரு வீச்சு. பக்கவாட்டில் இருந்தால் வண்டியை இழுத்திருக்கும், உச்சியில் இருந்ததால் ஆளையே தூக்கிவிட்டது. எவ்வளவு உயரம் என்று சொன்னால் கதை விடுகிறேன் என்பீர்கள், விடுங்கள். இடுப்பில் வந்து விழுந்தேன். கைப்பிடியை விட்டால் மணிக்கட்டுப் பட்டை பட்டத்தின் பிரேக் கயிறுகளை இழுத்து அதை மடக்கிவிடும், ஆனால் நான் கயிற்றை ஹார்னஸ் (இடுப்புப் பட்டை) கொக்கியில் மாட்டியிருந்தேன், கையை விட்டும் பயனில்லை. மணலில் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. கொக்கியைக் கழற்றிய பிறகுதான் நின்றது. காறை எலும்பு முறிவு. ஆளில்லாத வண்டி தன்பாட்டுக்கு ஓடி ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றதை நினைத்தால்தான் இன்னமும் வயிற்றைக் கலக்குகிறது.

*

அண்ணா, ஹெல்மெட் போட்டிருந்தீர்களா? அதைச் சொல்லவே இல்லையே.

என் கதை கலிபோர்னியா–நெவாடா எல்லையில், ஐவன்பா வறண்ட ஏரியில். பட்டம் தரையில், கைப்பிடியின் பிரேக் பக்கம் முளையில் மாட்டியிருந்தது, நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். காற்றே இல்லாத மத்தியானம். எங்கிருந்தோ ஒரு சூறாவளி, சின்னப் புழுதிச் சுழல்தான், பட்டத்தை முளையோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. எட்டிக் கயிற்றைப் பிடிக்கப் போனேன். நண்பர் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார், கெட்ட வார்த்தையோடு. கயிறு டைனீமா என்ற வலுவான செயற்கை இழை, நூல் கனம்தான், இழுப்பில் இருக்கும்போது விரலை அறுத்துவிடும். பட்டம் போனால் போகட்டும். அதிலிருந்து நான் சாப்பிட உட்கார்ந்தால்கூடப் பட்டத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிடுகிறேன், எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள்.

*

ஹெல்மெட் இருந்தது தம்பி, பின்பக்கம் கீறல் விழுந்து அலமாரியில் கிடக்கிறது. இப்போது வீச்சு எண்ணைப் பார்த்துத்தான் பட்டத்தை எடுக்கிறேன், 18 என்றால் வண்டியைக் காரிலிருந்து இறக்குவதே இல்லை. மனைவியிடம் இன்னும் வழுக்கி விழுந்ததாகத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.