மோதின வேனோட இன்சூரன்ஸ் கம்பெனி மூடிட்டாங்க. இழப்பீடு யார் தருவாங்க?

கார்க்_மீனா:
அயர்லாந்துல கார்க்ல இருக்கோம். என் வீட்டுக்காரர் சைக்கிள்ல டியூட்டிக்குப் போகும்போது, சந்துல இருந்து திரும்பின வேன் இடிச்சிடுச்சு. வலது மணிக்கட்டுல பிளேட் வச்சிருக்காங்க. நர்ஸ் வேலை; நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கக்கூட கை ஒத்துழைக்கல. வேன்காரர் தப்பு தன்னோடதுன்னு கார்டாகிட்ட (இங்கத்த போலீஸ்) அன்னைக்கே சொல்லிட்டார். ஆனா அவரோட இன்சூரன்ஸ் கம்பெனி வேற ஐரோப்பிய நாட்டுல பதிவானதாம். போன மாசம் லிக்விடேஷனுக்கு, அதாவது கம்பெனியை மூடி சொத்தைப் பிரிச்சுக் கடன் அடைக்கிற நிலைக்குப் போயிடுச்சு. இனி யார்கிட்ட கேட்கிறது? வேன்காரரும் ஒழுங்கா பிரீமியம் கட்டினவர். அவர் சொத்துல கை வைக்க மனசு வரல.

செல்வா_டப்ளின்:
எம்ஐபிஐ-கிட்ட (அயர்லாந்து மோட்டார் இன்சூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து நடத்துற அமைப்பு) போங்க. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி இடிச்சா அவங்கதான் தருவாங்க.

பழைய_கிளெய்ம்ஸ்_ஆள்:
செல்வா தம்பி, இது இன்சூரன்ஸ் இல்லாத வண்டி கணக்குல வராது. வேன்காரர்கிட்ட பாலிசி இருந்தது. பணம் தர வேண்டிய கம்பெனிதான் இல்ல. இதே கேள்வி செட்டான்டாங்கிற இன்சூரன்ஸ் கம்பெனி விவகாரத்துல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. மால்டாவுல பதிவாகி அயர்லாந்துல பாலிசி வித்த கம்பெனி அது, 2014-ல விழுந்தது. எம்ஐபிஐ பொறுப்புன்னு கீழ் கோர்ட்டுகள் சொல்லிச்சு, 2017 மே மாசம் சுப்ரீம் கோர்ட் அதை மாத்திடுச்சு. மிச்சம் இருந்தது, மூடின கம்பெனிகளோட கிளெய்முக்காக இருக்கிற இன்சூரன்ஸ் இழப்பீட்டு நிதி மட்டும். அதுல கிடைச்சது கிளெய்ம் தொகையில 65 சதவீதம் இல்லேன்னா 8,25,000 யூரோ, எது குறைவோ அதுதான். பாக்கி 35 சதவீதம் வண்டி ஓட்டினவர் தலையில விழுமோன்னு ரெண்டு பக்கமும் வருஷக்கணக்கா தவிச்சாங்க. அடிபட்டவங்களுக்கு இது பெரிய அநியாயம்னு நான் இன்னைக்கும் சொல்லுவேன். 2018 சட்டத் திருத்தம் வந்த பிறகுதான் மூணாம் தரப்பு (பாலிசிக்காரர் வண்டியால பாதிக்கப்பட்ட மத்தவங்க) மோட்டார் கிளெய்முக்கு முழுத் தொகைன்னு ஆச்சு.

மீனாம்மா, உங்க நிலைமை அதைவிட நல்லது. 2023 டிசம்பர் 23-ல இருந்து அமல்படுத்தணும்னு ஐரோப்பிய யூனியன் புது விதி போட்டிருக்கு: கம்பெனி எந்த நாட்டுல பதிவாகி இருந்தாலும், அடிபட்டவர் வசிக்கிற நாட்டு அமைப்பே முதல்ல பணம் தரணும். அயர்லாந்துல 2024 சட்டப்படி அந்த அமைப்பு செல்வா சொன்ன எம்ஐபிஐ-தான். பிறகு அது கம்பெனியோட நாட்டு அமைப்புகிட்ட வசூல் பண்ணிக்கும். கிளெய்ம் போட்டு மூணு மாசத்துக்குள்ள ஒரு தொகையைச் சொல்லணும், இல்ல ஏன் முடியாதுன்னு காரணத்தோட பதில் தரணும்.

கார்க்_மீனா:
ரொம்ப நன்றிங்கண்ணா. அப்போ கம்பெனியை மூடுற வேலையைப் பார்க்கிற லிக்விடேட்டர் அதை முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணுமா?

பழைய_கிளெய்ம்ஸ்_ஆள்:
காத்திருக்கவே கூடாது. கம்பெனி மூடினாலும் காலக்கெடு நிக்காது. காயத்துக்கான கிளெய்முக்கு பொதுவா ரெண்டு வருஷம்தான். மருத்துவ அறிக்கையோட, காயத்துக்கான இழப்பீட்டை மதிப்பிடுற அரசு அமைப்பான இஞ்சுரீஸ் ரெசல்யூஷன் போர்டுல விண்ணப்பம் போடுங்க. அதுல எதிர்த்தரப்பா வேன்காரர் பேரைத்தான் எழுதணும். மனசு கஷ்டப்படாதீங்க, சட்டப்படி பொறுப்பு அவரோடதுன்னு ஆனாத்தான் அந்த அமைப்பு அவருக்குப் பதிலா பணம் தர முடியும். கூடவே லிக்விடேட்டருக்கு பாலிசி நம்பர், விபத்து நடந்த தேதி, கார்டா பதிவு விவரம் எல்லாம் எழுத்துல அனுப்பிடுங்க. சம்பளம் குறைஞ்சதுக்கு பே ஸ்லிப், பிசியோதெரபி ரசீது ஒண்ணு விடாம வச்சிருக்கணும். சொலிசிட்டர்கிட்ட (வக்கீல்) முதல் சந்திப்புலயே அந்தப் புது விதியைப் பத்திக் கேளுங்க. செட்டான்டா காலத்து நடைமுறையையே நினைச்சுட்டு இருக்கிறவங்க நிறைய பேர்.

லிமெரிக்_ராஜா:
அந்த முழுத் தொகை அடிபட்ட மூணாம் தரப்புக்குத்தானா? மூடின கம்பெனியில பாலிசி வச்சிருந்து, என் சொந்த கார் டேமேஜுக்கு நானே கிளெய்ம் போட்டிருந்தா?

பழைய_கிளெய்ம்ஸ்_ஆள்:
அதுக்கு அந்த 65 சதவீத வரம்பு அப்படியேதான் இருக்கு, ராஜா. அதைவிட அவசரம், வேற கம்பெனியில பாலிசி எடுக்கிறது. பழைய பாலிசி ரத்தான நாள்ல இருந்து வண்டியை எடுத்தா, இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டுற குற்றம்தான்.