வாசிப்புக் கூடத்தின் சன்னல்களை அடைத்தது சரியா?

நொய்யல் வாசகி:
எங்கள் ஊர்ப் பொது நூலகத்தின் வாசிப்புக் கூடத்தில் சென்ற ஆண்டு ஸ்பிளிட் ஏ.சி. பொருத்தியபோது, சன்னல்களைக் கண்ணாடியால் அடைத்து, மேலிருந்த வென்டிலேட்டர்களையும் பிளைவுட் வைத்து ஆணி அடித்துவிட்டார்கள். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஐம்பது பேர் நாள் முழுவதும் அங்கேயே இருக்கிறார்கள். பிற்பகலில் கதவைத் திறந்தால் குளிரோடு ஒரு புளித்த வாடை முகத்தில் அடிக்கிறது; பலர் தலைவலி என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்றை இரவல் வாங்கிச் சென்று மூன்று மணிக்கு அளந்தேன்: 2,400 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 2,400 பங்கு. வெளிக்காற்றில் இது 420 அளவில்தான் இருக்கும். சன்னல்களைத் திறக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

பல்லடத்துக் கட்டுநர்:
அம்மணி, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் கோரிக்கையை ஏற்க முடியவில்லை. அந்தக் கட்டடம் கோவை–திருச்சி சாலையை ஒட்டி நிற்கிறது. பக்கத்திலேயே விசைத்தறிக் கூடங்கள். முன்பெல்லாம் காலையில் துடைத்த மேசை மதியத்திற்குள் கருத்து, விரலால் தேய்த்தால் பஞ்சும் லாரிப் புகையும் திரியாக உருண்டு வரும். 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகளுக்கு (பி.எம். 2.5) நம் நாட்டு வரம்பு ஒரு நாள் சராசரியாகக் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அதை 15 என்றே வைத்தது. சாலைப் பக்கச் சன்னலைத் திறப்பது அந்தப் புகையைப் பிள்ளைகளின் நுரையீரலுக்கு அழைத்து வருவதாகும். மேலும், கார்பன் டை ஆக்சைடுக்கு அமெரிக்கத் தொழிலிடங்களில் எட்டு மணி நேரத்திற்கு 5,000 பி.பி.எம். வரை அனுமதி உண்டு. 2,400 நஞ்சாகாது.

நொய்யல் வாசகி:
நஞ்சு என்று நான் சொல்லவில்லை, அண்ணா. நாம் வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ 4 விழுக்காடு, அதாவது 40,000 பி.பி.எம்., அந்த வாயு இருக்கிறது. கூடத்தில் 2,000 கூடியிருக்கிறது என்றால், அங்கே இழுக்கும் இருபது மூச்சில் ஒரு மூச்சு வேறொருவரின் நெஞ்சிலிருந்து வந்தது என்று பொருள். எனக்கு அச்சம் தருவது அதுதான்.

கணக்கையும் பாருங்கள். நாற்பதுக்கு இருபது அடி, பத்தடி உயரம் கொண்ட அக்கூடத்தில் இருப்பது சுமார் 2,26,000 லிட்டர் காற்று. உட்கார்ந்து படிக்கும் ஒருவர் மணிக்குப் பதினெட்டு லிட்டர் அளவுக்குக் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். ஐம்பது பேருக்கு 900 லிட்டர். கதவிடுக்கு வழியாகக் கசிவதை விட்டுவிட்டால், பத்து நிமிடத்திற்குள் மீட்டர் 1,000 பி.பி.எம்.-ஐத் தாண்டிவிடும். ஸ்பிளிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அதன் வலை பஞ்சைத் தடுக்கும், நுண்துகளையும் கிருமியையும் தடுக்காது. தொட்டிக்கட்டு வீட்டின் நடுவில் வானம் தெரிய வாசல் விட்ட நம் முன்னோர் மீட்டர் வைத்தா அளந்தார்கள்?

ஓய்வு பெற்ற செவிலி:
பெருந்துறை சானடோரியத்தில் பணியாற்றியவள் நான். காசநோய்க் கிருமி இருமலோடு கிளம்பிக் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கக்கூடியது என்பதால், வார்டில் மழை பெய்தாலும் சன்னலைச் சாத்த விட மாட்டோம். தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் இருமிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை அந்தக் கூடத்தில் இருந்தால் போதும்.

பல்லடத்துக் கட்டுநர்:
அம்மா சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. பதினைந்து ஆண்டுகளாக ஏ.சி. அறை கட்டித் தருகிறேன். வெளிக்காற்றுக்கு வழி வைத்தீர்களா என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. ஆயினும் சாலைப் பக்கத்தைத் திறக்கக்கூடாது என்பதில் மாற மாட்டேன். பின்பக்கம், வேப்ப மரங்கள் நிற்கும் வடக்குச் சுவரில் பிளைவுட்டைப் பெயர்த்தால் காற்று அந்த வழியே வரட்டும்; எதிர்ச்சுவரின் வென்டிலேட்டரில் எக்ஸாஸ்ட் விசிறி வைத்து வெளியே தள்ளலாம். ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை எடுத்துக்கொண்டால், ஐம்பது பேருக்கு நிமிடத்திற்கு ஆயிரம் கன அடிக்குச் சற்று மேல். மின்கட்டணம் கூடும், சித்திரையில் குளிர்ச்சியும் குறையும். அதை நூலகத்தார் ஏற்க வேண்டும்.

நொய்யல் வாசகி:
வடக்குச் சுவரில் ஐந்து வென்டிலேட்டர்கள் உள்ளன. இரண்டின் வழியாக ஏ.சி. குழாய் போகிறது. மூன்று போதுமா, அண்ணா? ஞாயிற்றுக்கிழமை டேப்புடன் நேரில் வந்து அளந்து சொல்ல முடியுமா?