பார்க்கின்சனுக்கு தை சி: எப்படித் தொடங்குவது?

கேள்வி: வயது 70, பார்க்கின்சன் நோய் நடுக்கட்டத்தில். திரும்பும்போது கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது. மெதுவான அசைவுகள் கொண்ட சீன உடற்பயிற்சிகளான தை சி, பதுவான்ஜின் இரண்டில் எது சரி?

பதில் 1: சமநிலைதான் குறை என்றால் தை சி. 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 195 பேர். வாரம் இருமுறை, 60 நிமிடம், 24 வாரம். தசை நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிட தை சி குழுவினர் குறைவாகவே விழுந்தார்கள். ஆனால் 60 நிமிடத்தில் தொடங்க வேண்டாம், 10 போதும். பார்க்கின்சன் மருந்தான லெவோடோபா நன்றாக வேலை செய்யும் நேரத்தில் மட்டும் செய்யுங்கள். எடை முழுவதும் ஒரு காலுக்கு மாறிய பிறகே மறுகாலைத் தூக்க வேண்டும். குதிகால் முதலில் தரையைத் தொடட்டும். பாதி எடையோடு காலை இழுத்தால் தடுக்கலாம்.

பதில் 2: திரும்பும்போது ஒற்றைக்காலில் சுழலவே கூடாது. அரைவட்டமாக, சின்ன அடிகளாக. கால் உறைந்துவிட்டால் இழுக்காதீர்கள்: நின்று, எடையை இடவலமாக இரண்டு மூன்று முறை மாற்றி, பிறகு அடி வையுங்கள்.

பதில் 3: பதுவான்ஜினும் நல்லதே, எட்டே அசைவுகள், நினைவில் நிற்கும். குனிந்து பாதம் தொடுவதை மட்டும் விட்டுவிடுங்கள்; நிமிரும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றலாம். கடைசியில் குதிகால் உயர்த்தி இறக்கும்போது கனமான நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடியில் சக்கரம் வைத்த நாற்காலி வேண்டவே வேண்டாம்.