ஸ்டீல் கேபினை ஒலிப்பதிவு அறையாக மாற்ற யோசனை தேவை

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் 20 அடிக்கு 10 அடி ரெடிமேட் ஸ்டீல் கேபின் ஒன்று இறக்கியிருக்கிறேன். 50 மி.மீ. பஃப் பேனல் (இரண்டு தகடுகளுக்கு நடுவே ஃபோம் அடைத்தது) சுவர், மேலே தகரக் கூரை. அப்பா மிருதங்கக்காரர், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கை நன்றாக ஓடும்போதே அவர் வாசிப்பைச் சுத்தமாகப் பதிந்து வைக்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும்.

வெயிலுக்கு பஃப் பரவாயில்லை. ஆனால் எடை குறைவு என்பதால் சத்தத்தைத் தடுப்பதில்லை. மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் பக்கமான தொப்பியில் ஒரு கும்கி (அழுத்தி இழுக்கும் நாதம்) விழுந்தால் சுவரே கூடச் சேர்ந்து அதிர்கிறது, தெருவில் போகும் பைக் சத்தம் மைக்கில் விழுகிறது. போன வாரம் சின்னத் தூறல்தான், பதிவு முழுக்க வீண். ஐப்பசி மழையை நினைத்தாலே கவலையாக இருக்கிறது.

முட்டை அட்டையும் ஃபோமும் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்குமே தவிர வெளிச்சத்தத்தை நிறுத்தாது என்று புரிந்துகொண்டேன். அதனால் ஸ்டீல் சுவரைத் தொடாமல் உள்ளே தனி ஃப்ரேம், இடையில் ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு), மேலே இரண்டு அடுக்கு 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு என்று திட்டம்.

இப்படிச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மழைச் சத்தத்துக்குத் தகரத்தின் மேலேயே ஏதாவது போட வேண்டுமா, உள்கூரை போதுமா? ராக்வூலுக்குள் ஈரம் கோத்துக்கொள்ளாமல் இருக்க என்ன செய்தீர்கள்? ஏசியை நிறுத்திவிட்டுப் பதிந்தால் காற்றுக்கு என்ன வழி? தஞ்சை, திருச்சி பக்கம் இந்த வேலை தெரிந்த கார்பென்டர் இருந்தாலும் சொல்லுங்கள், நேரில் போய்ப் பார்க்கிறேன்.