தோட்டத்தில் மழையில் கிடந்த மிரர் படகு: தேறுமா?

லெஸ்டர்அப்பா:

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் வீட்டை விற்றுவிட்டுப் போகிறார். அவருடைய தோட்டத்தில் வேலியோரம் கிடந்த மிரர் என்ற சின்னப் பாய்மரப் படகை "வேண்டுமானால் எடுத்துக்கொள்" என்று கொடுத்துவிட்டார். கிழிந்த தார்ப்பாய்க்குக் கீழே இருபது வருடம் நிமிர்ந்தபடியே கிடந்திருக்கிறது. உள்ளே பாதி அளவுக்கு மழைத்தண்ணீர், இலைச்சருகு, ஒரு தவளை. நானும் மச்சானும் தூக்கும்போது இடுப்பே கழன்றுவிடும் போல இருந்தது.

பாய் கட்டும் மரக்கம்புகள் கராஜ் கூரையில் பத்திரமாக இருந்தன. சிவப்புப் பாயும் இருக்கிறது, பூஞ்சை மணத்தோடு. பாயில் இருக்கிற படகு எண் 38,000-க்கு மேல். அடியில் பெயின்ட் பாளம் பாளமாக உரிகிறது. மகளுக்குப் பதினொரு வயது, இந்தக் கோடையில் ரட்லண்ட் வாட்டர் நீர்த்தேக்கத்தில் ஓட்டியே ஆகவேண்டும் என்கிறாள். நல்ல பெயின்ட் இரண்டு டின் வாங்கிவிட்டேன். எந்த நம்பர் உப்புத்தாளில் தேய்க்கத் தொடங்கலாம்? எனக்குக் கப்போர்டு பூட்டத் தெரியும், அவ்வளவுதான்.

சென்னைப்பரணி:

மரத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். அந்தக் காசில் பழைய ஃபைபர் படகு ஒன்று வாங்கினால் அடுத்த வாரமே தண்ணீரில் இறக்கலாம்.

சிவப்புப்பாய்:

பரணி சொல்வது கணக்குக்குச் சரி. ஆனால் இந்தப் படகை வடிவமைத்ததே கப்போர்டு பூட்டத் தெரிந்தவர்களுக்காகத்தான். ஜாக் ஹோல்ட் என்ற படகு வடிவமைப்பாளரும், டிவியில் வீட்டு வேலை சொல்லிக்கொடுத்த பாரி பக்னெலும் சேர்ந்து செய்தது. 'டெய்லி மிரர்' பத்திரிகை 1963-இல் அதைப் பெட்டியில் போட்டு விற்றது. ப்ளைவுட் துண்டுகளைச் செப்புக் கம்பியால் தைத்து, தையல் மேல் கண்ணாடி நார் டேப்பை ஒட்டினால் படகு. எழுபதாயிரத்துக்கு மேல் இப்படி உருவாகியிருக்கின்றன.

தம்பி, பெயின்ட் டின்னைத் திறக்காதீர்கள். எட்டு வருடத்துக்கு முன் நான் அதைத்தான் முதலில் திறந்தேன். மூன்று கோட் அடித்து, கண்ணாடி மாதிரி மின்னியது. ஜூலையில் வெயில் பட்டதும் அம்மை போட்ட மாதிரிக் கொப்புளம். உள்ளே இருந்த ஈரம் வெளியே வர வழி தேடியிருக்கிறது. அத்தனையையும் சுரண்டி எடுத்தேன். மனைவி இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

முதலில் எடை பாருங்கள். குளியலறைத் தராசு போதும். அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, தராசின் மேலும் பின்பக்கத்தை அதே உயரக் கட்டையின் மேலும் வைத்து ஒரு தடவை. தராசையும் கட்டையையும் இடம் மாற்றி இன்னொரு தடவை. இரண்டையும் கூட்டினால் மொத்த எடை. வெறும் கூடு 45.5 கிலோ இருக்கவேண்டும். பழைய பெயின்டுக்கு நாலைந்து கிலோ விடலாம். அதற்கு மேல் காட்டுவது பெரும்பாலும் தண்ணீர்தான்.

இரண்டு பக்கமும் படகை மிதக்கவைக்கிற காற்றறைகள், அதாவது மிதவை அறைகள், இருக்கும்; அவற்றில் அடைப்பான்கள் இருக்கும். இத்தனை வருடமும் அவை மூடியே இருந்திருந்தால் உள்ளே புழுங்கியிருக்கும். கழற்றி எறியுங்கள். கராஜில் கவிழ்த்து, கீழே காற்று போக இடம் விட்டு, இரண்டு மாதம் மறந்துவிடுங்கள்.

காய்ந்தபின் ஸ்குரூடிரைவர் பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல பலகை 'டக்' என்னும், மக்கியது 'தொப்' என்னும். தொப் என்கிற இடத்தில் கூர்முனையால் குத்துங்கள். பின்பலகையின் கீழ் மூலைகள், நடுப்பலகை இறங்கும் பெட்டியின் அடி, மிதவை அறைகளின் உள்மூலை, இங்கெல்லாம் இரக்கமே வேண்டாம்.

தச்சன்மகன்:

அண்ணன் சொன்னதோடு இரண்டு விஷயம். மக்கிய துண்டை வெட்டி எடுத்தால் புதுப்பலகையை முட்டுக்கு முட்டு ஒட்டாதீர்கள். இரண்டு ஓரத்தையும் சரிவாகச் சீவி, ஒன்றின் மேல் ஒன்று படுக்கிற மாதிரி ஒட்டவேண்டும். சரிவு, பலகைக் கனத்தைப்போல் 8 மடங்கு. 5 மி.மீ. பலகை என்றால் 40 மி.மீ. பலகை மெரைன் ப்ளைவுட்டாகவே இருக்கட்டும், சாதா ப்ளைவுட்டின் உள்ளடுக்கில் ஓட்டை இருக்கும்.

பசை எபாக்ஸி. பழைய டேப் பாலியெஸ்டர் ரெசினில் ஒட்டியதாக இருக்கும். அதன் மேல் எபாக்ஸி பிடிக்கும், எபாக்ஸி மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. குளிரில் எபாக்ஸி இறுகாமல் பிசுபிசுக்கும், மே மாதம் வரட்டும். இறுகியதும் மேலே மெழுகு மாதிரி ஒன்று படியும், வெறும் தண்ணீரால் கழுவிவிட்டுத் தேய்க்கவேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். ஈரமாகத் தேய்க்கவும், மாஸ்க் போடவும், மகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

லெஸ்டர்அப்பா:

எடை பார்த்தேன். அணியம் 31, பின்பக்கம் 37. மொத்தம் 68 கிலோ! மச்சான் நம்பாமல் தானும் ஒரு தடவை தூக்கி வைத்துப் பார்த்தான். அதே 68. இடது பக்க அடைப்பானைக் கழற்றியதும் டீ நிறத்தில் தண்ணீர் கொட்டியது, கால் பக்கெட் இருக்கும்.

பின்பலகையின் இடது மூலையில் ஸ்குரூடிரைவர் கேக்கில் இறங்குகிற மாதிரி இறங்கிவிட்டது. மற்ற இடமெல்லாம் பெரும்பாலும் 'டக்'தான், எனக்குக் காது சரியாக இருந்தால். அண்ணா, மிதவை அறை காற்றுப் புகாமல் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? மச்சான் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் கொண்டுவருகிறேன் என்கிறான்.

சிவப்புப்பாய்:

ஐயோ, மச்சானைத் தடுத்து நிறுத்துங்கள்! ப்ளைவுட் பிளந்துவிடும். ரிப்பேர் முடிந்தபின் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, அடைப்பான் ஓட்டையில் குழாய் வைத்து வாயால் ஊதினாலே போதும், நுரை வருகிற இடத்தில் ஓட்டை.

பாயை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள், பிளீச் கூடாது. துணியைவிட முதலில் வெயிலில் இற்றுப்போவது தையல் நூல்தான். நகத்தால் கீறிப் பாருங்கள், அறுந்தால் மேலேயே திரும்பத் தைக்கலாம். அதை மகளிடம் கொடுங்கள், இரண்டு மாதம் அவளுக்கும் வேலை வேண்டுமே.

லெஸ்டர்அப்பா:

கொடுத்துவிட்டேன். குளியல்தொட்டி முழுக்க இப்போது சிவப்பு. பெயின்ட் டின் இரண்டையும் கடையில் திருப்பிக் கொடுத்தாயிற்று. மே மாதம் மறுபடி தராசோடு வருகிறேன்.